ஃபிளாட்டா, சைட்டா, லைன் வீடா? 22 லட்சம் கையில வெச்சுட்டு கேட்டவருக்கு

கேள்விய ஒருதரம் சுருக்கி சொல்லிடறேன், புதுசா படிக்கறவங்களுக்கு புரியும். வயசு 38, கோவையில தனியார் கம்பெனி வேலை, கையில 22 லட்சம், பேங்க்ல 30 லட்சம் வரைக்கும் லோன் தர்றேன்னு சொல்லிட்டாங்க. வாடகை வரணும், பின்னாடி விலையும் ஏறணும். மூணு எடம் பாத்து வெச்சிருக்கார். ஒண்ணு, சரவணம்பட்டி பக்கம் புது ரெண்டு பெட்ரூம் ஃபிளாட், 52 லட்சம், வாடகை 16,000 வரும்னு பில்டர் சொல்றார். ரெண்டாவது, அன்னூர் ரோட்ல அஞ்சு சென்ட் சைட், 22 லட்சம், லோனே வேண்டாம். மூணாவது, சூலூர் பக்கம் ஆறு சென்ட்ல பழைய லைன் வீடு (ஒரே வரிசையில ஒட்டி கட்டின சின்ன வாடகை வீடுங்க), நாலு போர்ஷன், இப்பவே ஆள் குடியிருக்காங்க, மாசம் 22,000 வருது, விலை 45 லட்சம். எத வாங்கறதுன்னு கேக்கறார்.

தம்பி, நான் புரோக்கரும் இல்ல, ஆடிட்டரும் இல்ல. 2009ல இருந்து நாலு லைன் வீட்ட வாடகைக்கு விட்டுட்டு இருக்கேன், நடுவுல ஒரு ஃபிளாட் வாங்கி வித்தேன், ஒரு சைட் வாங்கி பத்திரச் சிக்கல்ல மூணு வருஷம் வக்கீல் ஆபீஸ் படி ஏறி எறங்கினேன். நம்மள மாதிரி ஒரே ஒரு எடம் வாங்கி அதுல மொத்த சேமிப்பையும் போடற ஆளுங்க, வாடகை எவ்வளவுன்னு கேட்டுட்டு நிறுத்திடறோம். வருஷக் கடைசியில எல்லாம் போக அக்கவுண்ட்ல எவ்வளவு நிக்கும்னு யாரும் போட்டுப் பாக்கறதில்ல. அத மூணுக்கும் போட்டுப் பாப்போம், அப்புறம் பத்திரத்துக்கு வருவோம். (நம்ம ஊர்ல "பிளாட்"னா மனையும் அதான், அடுக்குமாடி வீடும் அதான், போன்ல பேசறப்ப பாதி குழப்பம் இதுலதான் வருது. அதனால மனைய சைட்னும் மத்தத ஃபிளாட்னும் எழுதறேன்.)

மொதல்ல ஃபிளாட். 52 லட்சம்னு சொன்னா 52ல முடியாதுங்க. 2023 டிசம்பர்ல இருந்து புது ஃபிளாட்ட நிலத்துக்கு தனி கட்டடத்துக்கு தனின்னு பிரிக்காம கூட்டு மதிப்புல பத்திரம் போடறாங்க. முதல் விற்பனைக்கு 50 லட்சம் வரைக்கும் முத்திரை 4, பதிவு 2, ஆக 6 பர்சன்ட். 50க்கு மேல 3 கோடி வரைக்கும் 7 பர்சன்ட். உங்களுக்கு 7, அதாவது 3,64,000. அதோட 50 லட்சத்த தொட்டாலே வாங்கறவர் 1 பர்சன்ட் டி.டி.எஸ். புடிச்சு கவர்மென்ட்டுக்கு கட்டணும், 52,000. இது உங்க கைக்காசு இல்ல, விக்கறவருக்கு தர்றதுல கழிக்கறதுதான், ஆனா முழு பணத்தையும் பில்டருக்கு குடுத்துட்டு ஆறு மாசம் கழிச்சு நோட்டீஸ் வந்து, வட்டியும் லேட் ஃபீஸும் சேத்து கட்டினவங்க எனக்கே ரெண்டு பேர தெரியும். அதனால முடிஞ்சா விலைய 50க்கு கொஞ்சம் கீழ பேசுங்க. ரெண்டு லட்சம் விலையில போக, பத்திரச் செலவுலயே அறுபத்தஞ்சாயிரம் கிட்ட மிச்சம், டி.டி.எஸ். வேலையும் இல்ல.

வேலை நடந்துட்டு இருக்கற ஃபிளாட்டா, முடிஞ்சதான்னு நீங்க சொல்லல. முடியாததுன்னா 5 பர்சன்ட் ஜி.எஸ்.டி., 2,60,000 இன்னும் ஏறும். கம்ப்ளீஷன் சர்டிபிகேட் வாங்கினதுக்கு அப்புறம் வாங்கினா ஜி.எஸ்.டி. கெடையாது. வாடகைக்குன்னு வாங்கறவர் முடியாத ஃபிளாட்ட வாங்கறதே எனக்கு புரியாத விஷயம், வாடகை வர ரெண்டு வருஷம் ஆகும், வட்டி மட்டும் முதல் மாசத்துல இருந்து ஓடும்.

முடிஞ்சதுன்னே வெச்சுப்போம். 52, பத்திரம் 3.64, அப்புறம் கப்போர்டு, கிரில், ஃபேன் லைட், அசோசியேஷன் கார்பஸ் (சங்கத்துக்கு மொத்தமா கட்டற வைப்புநிதி)னு ரெண்டரை லட்சம், ஆக 58 லட்சம். உங்ககிட்ட இருக்கறது 22ம் 30ம், 52. பத்திரச் செலவ பேங்க் லோன்ல சேக்க மாட்டாங்க, கைக்காசுதான். அதாவது சாவி வாங்கறப்பவே ஆறு லட்சம் கடன், அது அனேகமா பர்சனல் லோனாவோ நகைக் கடனாவோ இருக்கும். இங்கயே பாதி பேர் சறுக்கறாங்க.

வாடகை 16,000, வருஷத்துக்கு 1,92,000. வருஷத்துல ஒரு மாசம் காலியா கெடக்கும்னு வெச்சு 16,000 கழிங்க. மெயின்டனன்ஸ் மாசம் 2,500, அத குடியிருக்கறவர் தலையில போட்டா வாடகைய கொறைச்சு கேப்பார், எப்படி சுத்தினாலும் உங்க பாக்கெட்தான், 30,000. சொத்து வரி 6,000. பெயின்ட், ரிப்பேர், புரோக்கர் எல்லாம் சராசரியா 15,000. மிச்சம் 1,25,000. 58 லட்சத்துக்கு இது ரெண்டே கால் பர்சன்ட்கூட வரல. 30 லட்சத்துக்கு எட்டரை பர்சன்ட்ல 20 வருஷம்னா இ.எம்.ஐ. 26,035, முதல் வருஷம் வட்டி மட்டுமே இரண்டரை லட்சம். வர்ற வாடகை வட்டியில பாதிதான். மாசம் பதினஞ்சாயிரத்து சொச்சம் உங்க சம்பளத்துல இருந்து போகும், இருபது வருஷத்துக்கு. (வாடகை ஏறாதான்னு கேப்பீங்க, ஏறும், மெயின்டனன்ஸும் கூடவே ஏறும்.)

அந்த 16,000ம் பில்டர் வாய்ல வந்த நம்பர். ஒரு வேலை பண்ணுங்க, சாயங்காலம் ஏழரை மணிக்கு அந்த அபார்ட்மென்ட் முன்னாடி நின்னு எத்தனை வீட்ல லைட் எரியுதுன்னு எண்ணுங்க. நூறு வீட்ல நாப்பதுலதான் லைட் எரியுதுன்னா மத்த அறுபது பேரும் உங்களோட போட்டி போடப்போற ஓனருங்க. வாட்ச்மேன்கிட்ட "வீடு வாடகைக்கு இருக்குங்களா"ன்னு குடித்தனக்காரர் மாதிரி கேளுங்க, நெசமான வாடகை ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சுடும்.

நான் 2012ல 31 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட் வாங்கி 2021ல 36க்கு வித்தேன். ஒம்பது வருஷத்துல அஞ்சு லட்சம், பத்திரச் செலவ கழிச்சா அதுவும் இல்ல. அப்ப இருந்த இன்டெக்ஸேஷன் (விலைவாசி ஏறினதுக்கு ஏத்தமாதிரி வாங்கின விலைய ஏத்திக் காட்டறது) கணக்குப்படி எனக்கு நஷ்டம்னு ஆடிட்டர் எழுதினார், வரி வரல, சந்தோஷப்படறதா அழறதான்னு தெரியல. ஏன் ஏறலன்னா, நான் வாங்கினதுல நிலம்னு இருந்தது 340 சதுர அடி யூ.டி.எஸ்.தான், பிரிபடாத பாகம். நிலம் ஏறும், கட்டடம் எறங்கும், ஃபிளாட்ல எறங்கறது ஜாஸ்தி. அதனால பில்டர்கிட்ட சூப்பர் பில்டப் (படி, லிஃப்ட்னு பொது எடத்தையும் சேத்த அளவு) எவ்வளவுன்னு கேக்காதீங்க, கார்பெட் (வீட்டுக்குள்ள பொழங்கற அளவு) எவ்வளவு, யூ.டி.எஸ். எவ்வளவுன்னு கேளுங்க. 500 சதுர மீட்டருக்கு மேல நிலம், இல்ல எட்டு வீட்டுக்கு மேல இருந்தா ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) நம்பர் இருக்கணும், தமிழ்நாடு ரெரா வெப்சைட்லயே போட்டு பாக்கலாம்.

சைட் கணக்கு சின்னது. 22 லட்சம், பத்திரச் செலவு 9 பர்சன்ட். முத்திரை 5, மாற்று வரி 2, பதிவு 2. பெரியவங்க யாராச்சும் 11ன்னு சொன்னா அது பழசு, 2017ல கைடுலைன் மதிப்ப (பத்திரத்துக்கு கவர்மென்ட் வெச்சிருக்கற நில விலை) 33 பர்சன்ட் எறக்கி பதிவுக் கட்டணத்த 4 ஆக்கினாங்க, 2023ல மதிப்ப பழையபடி ஏத்திட்டு கட்டணத்த 2க்கு கொண்டு வந்துட்டாங்க. ஆக 1.98 சேத்து 24 லட்சம் போடறீங்க. அதையே பேங்க்ல ஆறரை பர்சன்ட்ல அஞ்சு வருஷம் போட்டிருந்தா 33 லட்சம் கிட்ட ஆகியிருக்கும். அதாவது 22க்கு வாங்கின சைட்ட அஞ்சு வருஷம் கழிச்சு 33க்கு வித்தாத்தான் பேங்க்ல சும்மா போட்டதுக்கு சமம். ஒண்ணரை மடங்கு. ஏறவே ஏறாதுன்னு சொல்லல, அன்னூர் ரோட்ல ஏறின எடமும் இருக்கு, பத்து வருஷமா கல்லு நட்டு அப்படியே கெடக்கற லேஅவுட்டும் இருக்கு. ஆனா வாடகை வேணும்னுதானே ஆரம்பிச்சீங்க? சைட்ல இருந்து மாசம் வர்றது சீமைக்கருவேல முள்ளு மட்டும்தான், அத வெட்டவும் வருஷத்துக்கு ரெண்டு தரம் ஆள் விடணும், இல்லைன்னா பக்கத்து சைட்காரர் கம்பிவேலி ரெண்டடி உள்ள வந்து நிக்கும். நீங்களே அஞ்சு வருஷத்துல வீடு கட்டப்போறீங்கன்னா அது வேற பேச்சு, அப்ப வாங்குங்க.

சைட்ல பாக்கவேண்டியது அப்ரூவல். 2016 செப்டம்பர்ல ஐகோர்ட் அங்கீகாரம் இல்லாத மனைய பதிவு பண்ணக்கூடாதுன்னு தடை போட்டுச்சு, அதுக்கப்புறம் 2017ல வரன்முறைத் திட்டம் வந்துச்சு, 2016 அக்டோபர் 20க்கு முன்னாடி போட்ட லேஅவுட்டுக்குத்தான். "பஞ்சாயத்து அப்ரூவல்ங்க, பிரச்னையே இல்லீங்க"ன்னு யாராச்சும் சொன்னா அங்கயே பேச்ச நிறுத்திடுங்க, வேணுங்கறது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்புத் துறை) நம்பர். லேஅவுட் வரைபடத்துல பார்க், ரிசர்வ் சைட் எதுன்னு பாத்து, உங்க சைட் நம்பர் அதுல விழலைன்னு உறுதி பண்ணுங்க. பார்க் எடத்தையே பிரிச்சு வித்த கதையெல்லாம் நம்ம ஊர்ல தாராளமா இருக்கு.

இப்ப லைன் வீடு, எனக்கு தெரிஞ்ச சப்ஜெக்ட். 45 லட்சம், பத்திரம் 9 பர்சன்ட் 4.05, வக்கீல், லோன் செலவு, எம்.ஓ.டி. (பேங்க்ல பத்திரம் அடமானம் வெக்கறதுக்கான பதிவு) எல்லாம் ஒரு அரை லட்சம், பழைய கட்டடம்ங்கறதால உடனே ரெண்டு லட்சம் வேலை இருக்கும். 51.5 லட்சம். வாடகை 2,64,000. நாலு வீடு இருந்தா எப்பவும் ஏதோ ஒண்ணு காலி ஆகிட்டேதான் இருக்கும், 22,000 கழிங்க. சொத்து வரி, தண்ணி வரி 10,000. ரிப்பேர் 30,000. மிச்சம் 2,02,000, நாலு பர்சன்ட்டுக்கு ஒரு துளி கம்மி. ஃபிளாட்ல வந்தத விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, கூடவே ஆறு சென்ட் நிலம் முழுசா உங்க பேர்ல.

ரிப்பேர் 30,000னு சும்மா போடல. நான் ஒரு லாங் சைஸ் நோட்டுல எல்லாம் எழுதி வெக்கறேன், 2023 பக்கத்த அப்படியே எழுதறேன். பிப்ரவரி, செப்டிக் டேங்க் லாரி 2,500. மே, போர் மோட்டார் காயில் கட்டினது 4,800, மோட்டார மேல எடுத்து எறக்கின கூலி 2,000. ஜூலை, மூணாம் நம்பர் பாத்ரூம் பைப் 1,650. செப்டம்பர், ரெண்டாம் நம்பர் வீடு காலி, பெயின்ட் கூலியோட 9,200, அடுத்த ஆள் வர்ற வரைக்கும் 40 நாள் பூட்டி கெடந்தது. நவம்பர், மழையில மாடித் தளத்துல ஓதம் எறங்கி நாலாம் நம்பர் வீட்டு அம்மா பீரோவ நடு ரூம்ல நகத்தி வெச்சுட்டு போன் மேல போன், தட்டோடு பேத்து திரும்ப பதிச்சது 11,400. மொத்தம் 31,550. இதுல ஒண்ணு கவனிங்க, அந்த மே மாசம் மோட்டார் போனது ஞாயித்துக்கிழமை காலையில, நாலு குடும்பமும் குடத்தோட வாசல்ல நிக்குது, நான் அன்னிக்கு ஒரு கல்யாணத்துல பந்தியில ஒக்காந்திருந்தேன், எந்திரிச்சு வந்தேன். அந்த எந்திரிச்சு வர்றது எந்தக் கணக்குலயும் வராது, ஆனா அதுதான் இந்தத் தொழில். ஆபீஸ்ல லீவ் குடுக்க மாட்டாங்க, சூலூர் போக ஆள் இல்லைன்னா நாலு பர்சன்ட் மூணா ஆகிடும், ஏன்னா எல்லாத்துக்கும் ஆள் வெக்கணும்.

கரண்ட் கனெக்ஷன் எத்தனைன்னு பாருங்க. நாலு வீட்டுக்கும் தனித்தனி சர்வீஸ் இருந்தா ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் ஃப்ரீ நாலு வீட்டுக்கும் வரும். ஒரே மீட்டர்ல சப்மீட்டர் போட்டு ஓடுதுன்னா யூனிட் எல்லாம் ஒண்ணா சேந்து ஸ்லாப் ஏறும், பில்லு நம்ம பேர்ல வரும், குடியிருக்கறவங்க "கவர்மென்ட் ஃப்ரீயா குடுக்கறத நீங்க எடுத்துக்கறீங்களா"ன்னு கேப்பாங்க, கேக்கறதுல ஞாயமும் இருக்கு.

இன்னொண்ணு யாரும் சொல்லித் தரமாட்டாங்க. குடியிருக்கறவங்ககிட்ட பழைய ஓனர் வாங்கி வெச்ச அட்வான்ஸ் இருக்கே, வீடு உங்க பேருக்கு மாறினதும் அத திருப்பி குடுக்கவேண்டியது நீங்க. வீட்டுக்கு 20,000னா 80,000. கிரையத் தொகையில இருந்து அத கழிச்சுக்கங்க, நாலு பேரையும் நேர்ல பாத்து எவ்வளவு குடுத்திருக்காங்க, வாடகை நெசமா எவ்வளவுன்னு கேட்டு எழுதி கையெழுத்து வாங்குங்க. விக்கறதுக்காகவே வாடகைய ஏத்தி சொல்றதும், சொந்தக்காரங்கள மூணு மாசம் குடி வெச்சு "ஃபுல்லா இருக்குங்க"ன்னு காட்டறதும் உண்டு.

கணக்குல லைன் வீடு ஜெயிச்சுடுச்சு, ஆனா பத்திரத்துல தோக்கறதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி உள்ளதும் அதுதான். பழைய சொத்து, அனேகமா பூர்வீகம். பட்டா ஒருத்தர் பேர்ல இருக்கறதால அவர் மட்டும் கையெழுத்து போட்டா போதும்னு நினைக்காதீங்க. பட்டா வருவாய்த்துறை ரெக்கார்டு, பதிவு ஆபீஸ்ல ரிஜிஸ்டர் ஆனதும் உரிமைக்கு முழு சாட்சி கெடையாது.

என் கதையச் சொல்றேன். 2013ல ஒரு சைட் வாங்கினேன், வித்தவங்களோட அப்பா காலமாகிட்டார், அவரோட பசங்க அண்ணன் தம்பி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டாங்க, ஈசியில (வில்லங்கச் சான்று) வில்லங்கம் ஒண்ணும் இல்ல. அக்கா ஒருத்தங்க இருக்காங்களேன்னு கேட்டதுக்கு "அவங்களுக்கு சீரெல்லாம் செஞ்சாச்சுங்க, ஒண்ணும் கேக்க மாட்டாங்க"ன்னாங்க. எட்டு மாசத்துல கேஸ் வந்துச்சு. சீர் செஞ்சா பங்கு போயிடுமா? இந்து வாரிசுச் சட்டப்படி தமிழ்நாட்ல 1989 மார்ச் 25ல இருந்தே, அப்ப கல்யாணம் ஆகாத பொண்ணுங்களுக்கு பூர்வீகத்துல பசங்களுக்கு சமமா பங்கு உண்டு, 2005 மத்திய சட்டத் திருத்தம் கல்யாணம் ஆனவங்களுக்கும் சேத்து குடுத்துச்சு, 2020 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட், அப்பா 2005ல உயிரோட இருந்திருக்கணும்னு அவசியம் இல்லைன்னு சொல்லிடுச்சு. அப்பா சொந்தமா சம்பாதிச்ச சொத்துன்னாலும் உயில் எழுதாம போயிட்டா பொண்டாட்டி, பசங்க, பொண்ணுங்க, அவரோட அம்மா எல்லாருக்கும் சமபங்கு. மூணு வருஷம் நடந்து கடைசியில அந்த அக்காவுக்கு தனியா பணம் குடுத்து அவங்க பங்க எம்பேருக்கு எழுதி வாங்கினேன். அவங்க மேல எனக்கு கோவமே இல்ல, தப்பு அவங்கள கேக்காம வாங்கின என் மேல.

அதனால வாரிசு சான்றிதழ வாங்கிப் பாருங்க, அதுல இருக்கற ஒவ்வொரு பேரும் ஒண்ணு கிரையப் பத்திரத்துல கையெழுத்து போடணும், இல்ல முன்னாடியே விடுதலைப் பத்திரம் (எம்பங்க விட்டுக்குடுக்கறேன்னு) எழுதி பதிவு பண்ணியிருக்கணும். மைனர் பசங்களுக்கு பங்கு இருந்தா கோர்ட் அனுமதி இருக்கான்னு வக்கீல பாக்கச் சொல்லுங்க. ஈசி குறைஞ்சது 30 வருஷத்துக்கு போடுங்க, ரொம்ப எடங்களுக்கு 1975ல இருந்து ஆன்லைன்லயே வருது, ஆனா ஈசியில பதிவானது மட்டும்தான் தெரியும். பதிவு பண்ணாத உயில், ஓடிட்டு இருக்கற கேஸ், வாய்ப் பேச்சுல பிரிச்ச பாகம் எதுவும் தெரியாது. தாய்ப் பத்திரம் (இவங்களுக்கு சொத்து வந்த பழைய பத்திரம்) ஒரிஜினல கண்ணால பாக்கணும், தொலைஞ்சு போச்சுன்னா ஏன் எப்படின்னு விடாம கேளுங்க, பாதி நேரம் அது எங்கயாச்சும் ஃபைனான்ஸ்ல அடமானத்துல இருக்கும். எஃப்.எம்.பி. (சர்வே துறையோட நில அளவு) வரைபடத்த எடுத்துட்டு சர்வேயர வெச்சு அளந்து பாருங்க, பத்திரத்துல ஆறு சென்ட், தரையில அஞ்சே காலுன்னா முக்கால் சென்ட்டுக்கும் சேத்து காசு குடுக்கறீங்க. ஓனர்கிட்ட அதிகாரப் பத்திரம் வாங்கின பவர் ஏஜென்ட் விக்கறார்னா பவர் குடுத்தவர் உயிரோட இருக்கறதுக்கான லைஃப் சர்டிபிகேட் வேணும், குடுத்தவர் செத்துட்டா பொதுவா பவரும் செத்துடும்.

கட்டடத்துக்கு பிளான் அப்ரூவல் இருக்கா? பழைய லைன் வீட்டுக்கு அனேகமா இருக்காது, அப்படின்னா உங்க 30 லட்சம் லோனே கேள்விக்குறி. பேங்க் "தர்றோம்"னு சொல்றது உங்க சம்பளத்த பாத்து, எடத்த பாத்து இல்ல. அவங்க லீகலும் வேல்யுவேஷனும் முடிஞ்சாத்தான் உறுதி, கட்டடம் ரொம்ப பழசுன்னா லோன் காலத்தையும் கொறைப்பாங்க, இ.எம்.ஐ. ஏறும். அதனால அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி ஜெராக்ஸ பேங்க் பேனல் வக்கீல்கிட்ட காட்டுங்க. அக்ரிமென்ட் போடறப்ப "லோன் கெடைக்கலைன்னா அட்வான்ஸ் முழுசா திருப்பித் தரணும்"னு ஒரு வரி எழுதுங்க, அந்த அக்ரிமென்ட்ட பதிவும் பண்ணுங்க. பதிவானா ஈசியில ஏறிடும், அவர் இன்னொருத்தர்கிட்ட அட்வான்ஸ் வாங்கறது கஷ்டம்.

விக்கறவர் "பத்திரத்துல 30 போடலாம், மிச்சத்த கேஷா குடுங்க"ன்னு கண்டிப்பா கேப்பார். ஒத்துக்காதீங்க. சொத்து விக்கறதுல 20,000மோ அதுக்கு மேலயோ கேஷா வாங்கினா வாங்கினவருக்கு அதே அளவு அபராதம் விழலாம். பேங்க் லோனும் பத்திர மதிப்ப வெச்சுத்தான். இதையெல்லாம் விட, நாளைக்கு நீங்க 60க்கு விக்கறப்ப வாங்கின விலை 30ன்னுதான் பேப்பர்ல இருக்கும், உங்களுக்கு வராத லாபத்துக்கு நீங்க வரி கட்டுவீங்க. 2024 ஜூலை 23க்கு அப்புறம் வாங்கின சொத்துக்கு இன்டெக்ஸேஷன் கெடையாது, ரெண்டு வருஷம் கழிச்சு வித்தா லாபத்துல 12.5 பர்சன்ட், அவ்வளவுதான். அதுக்கு முன்னாடி வாங்கினவங்க மட்டும் பழைய 20 பர்சன்ட் முறையில போட்டு எது கம்மியோ அத கட்டலாம்.

வாடகைக்கு வரி பத்தி ரெண்டு வரி. வாடகையில கட்டின சொத்து வரிய கழிச்சு, மிச்சத்துல 30 பர்சன்ட் தானா கழியும், நீங்க செலவு பண்ணாலும் பண்ணாட்டியும். மோட்டார் பில்ல கட்டி எடுத்துட்டு போயி ஆடிட்டர்கிட்ட நீட்டாதீங்க, நான் மொத வருஷம் நீட்டினேன், சிரிச்சார். அதுக்கப்புறம் லோன் வட்டிய கழிக்கலாம். புது வரி முறையில வாடகைய சைபர் ஆக்கற வரைக்கும்தான், அதுக்கு மேல வர்ற நஷ்டத்த சம்பளத்துல கழிக்க முடியாது. பழைய முறையில 2 லட்சம் வரைக்கும் கழிக்கலாம். சம்சாரம் பேர்ல வாங்கினா வரி மிச்சம்னு சொல்லுவாங்க, பணம் உங்களதுன்னா வாடகை உங்க கணக்குலதான் சேரும். பெண்கள் பேர்ல பதிவு பண்ணா 1 பர்சன்ட் சலுகைன்னு 2025 ஏப்ரல்ல வந்ததும் 10 லட்சம் வரை உள்ள சொத்துக்குத்தான், உங்களுக்கு ஆகாது.

குடி வெக்கறப்ப வாய்ப் பேச்சு வேண்டாம். 2017 வாடகைச் சட்டம் 2019ல இருந்து அமல்ல இருக்கு, எழுத்துல ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரிகிட்ட ஆன்லைன்ல பதிவு பண்ணணும், ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதலைன்னா அட்வான்ஸ் மூணு மாச வாடகைதான். லைன் வீட்ல யாரும் பண்றதில்லைன்னு சொல்லுவாங்க, நானும் ரொம்ப நாள் பண்ணல. ஒருத்தர் ஏழு மாசம் வாடகை தராம ஒக்காந்ததுக்கு அப்புறம்தான் புத்தி வந்துச்சு. பேப்பர் இல்லாம யார்கிட்ட போயி நிக்கறது?

இ.எம்.ஐ. இறுக்குதேன்னு போக்கியத்துக்கு விடற யோசனை வரும், மாச வாடகை இல்லாம மொத்தமா அஞ்சாறு லட்சம் வாங்கிட்டு மூணு வருஷத்துக்கு விடறது, சென்னையில லீஸ்னு சொல்லுவாங்க. பணம் கையில வர்றப்ப சொகமா இருக்கும், மூணு வருஷம் கழிச்சு அந்த அஞ்சு லட்சத்த அடுத்த ஆள்கிட்ட வாங்கித்தான் இவருக்கு குடுக்கணும், அந்த அடுத்த ஆள் வரலைன்னா வட்டிக்கு வாங்கணும். அந்தப் பணத்துல லோன் அசல கட்டறீங்கன்னா யோசிக்கலாம் (ஃப்ளோட்டிங் வட்டி ஹோம் லோன்ல முன்கூட்டி கட்டினா அபராதம் கெடையாது), கார் வாங்கறதுக்குன்னா வேண்டாம்.

சரி, நான் உங்க எடத்துல இருந்தா? ஃபிளாட்ட விட்டுடுவேன். சைட்டையும், வீடு கட்டற எண்ணம் இல்லைன்னா விட்டுடுவேன். லைன் வீட்ட 45க்கு வாங்க மாட்டேன், ஏன்னா 51.5 போட்டா உங்க 52ல அம்பதாயிரம்தான் மிஞ்சும், மாடி ஒழுகினா அது காலி. 41, 42க்கு எறங்கினா வாங்குவேன், மிச்சம் மூணு லட்சத்துக்கு மேல வர்றத ஆறு மாச இ.எம்.ஐ.க்கும் கையிருப்புக்கும்னு தொடாம வெச்சுடுவேன். எறங்கலைன்னா ஆறு மாசம் பொறுப்பேன், 22 லட்சம் பேங்க்ல தூங்கறது ஒண்ணும் பாவம் இல்ல. கட்டடம் சம்பந்தமாத்தான் காசு போடணும் ஆனா மோட்டார் தொல்லை வேண்டாம்னா ரெய்ட் (வாடகை வர்ற பெரிய கட்டடங்கள்ல பல பேர் பணத்த சேத்து போடற ஃபண்ட்) யூனிட் ஷேர் மாதிரி டீமேட் கணக்குல வாங்கலாம், 2021ல இருந்து ஒரு யூனிட்கூட வாங்கலாம், கைக்கு வர்ற பணத்துல 90 பர்சன்ட்டாவது யூனிட் வெச்சிருக்கறவங்களுக்கு பிரிச்சுக் குடுக்கணும்னு விதி. விலை ஏறி எறங்கும், அதுக்கு மனசு ஒத்துவரணும்.

இந்த வாரமே சூலூர்க்காரர்கிட்ட தாய்ப் பத்திரம், வாரிசு சான்றிதழ், பிளான் மூணுக்கும் ஜெராக்ஸ் கேளுங்க. எடுத்துக் குடுத்தார்னா பேச்ச தொடருங்க. "மொதல்ல ஒரு லட்சம் அட்வான்ஸ் போடுங்க, அப்புறம் தர்றேன்"னா டீய குடிச்சுட்டு கெளம்பிடுங்க. ஈசி வந்ததும் அதுல எது புரியலைன்னாலும் பேரு, சர்வே நம்பர் எல்லாம் மறைச்சுட்டு கேளுங்க, பாக்கலாம்.